அகலக் கால் வைக்கலாமா?

குல்மார்கின் புதுப் பனியில் மிதக்க அகலமான ஸ்கீ பலகைகள் வந்துவிட்டன. எவ்வளவு அகலம் என்பதில்தான் குழப்பம். தவறான தேர்வு முழங்காலைப் பதம் பார்க்கும். சரியான தேர்வுகூட உயிருக்கு உத்தரவாதம் தராது.

ஜனவரி மாதத்து மழையை ஜனக்புரியில் யாரும் விரும்புவதில்லை. துணி காயாது. அறை ஹீட்டரை அணைக்க மனம் வராது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்குப் பிள்ளைகளை எழுப்பி அனுப்புவதே பெரும்பாடு. ஆனால் அந்தத் தூறலைக் கொண்டு வரும் மேகக் கூட்டம் பல நேரங்களில் காஷ்மீருக்கு வேறொன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து கிழக்கே நகரும் இந்த அமைப்பை வானிலையாளர்கள் மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். சமவெளியில் அது மழை. பீர் பஞ்சால் மலைத்தொடரில் பனி. அதுவும் சில நாட்களில் இடுப்பளவுப் பனி.

இந்தச் செய்திக்காகவே காத்திருக்கும் ஒரு கூட்டம் டெல்லியில் வளர்ந்து வருகிறது. ஜனக்புரி வெஸ்ட் நிலையத்தில் மெஜந்தா பாதை மெட்ரோவில் ஏறினால் விமான நிலையத்தின் முதல் முனையம் வரை மாறாமல் போகலாம். அங்கிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பிறகு சாலை வழியே சுமார் 50 கி.மீ. தூரத்தில் குல்மார்க். பள்ளி விடுமுறையில் சிம்லா போய்ப் பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், இப்போது காலில் கட்டும் பலகையின் அகலத்தை மில்லி மீட்டர் கணக்கில் விவாதிக்கிறார்கள்.

விவாதம் வெறும் ஃபேஷன் அல்ல. பலகை, பூட்ஸ், இரண்டையும் இணைக்கும் பிடிப்பான் என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் செலவு ஒரு லட்ச ரூபாயை எளிதில் தொட்டுவிடும். டெல்லியில் நாலு கடை ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து வாங்கும் பொருளும் அல்ல இது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது யாராவது பெட்டியோடு கொண்டு வர வேண்டும். தவறாக வாங்கிவிட்டால் மாற்ற வழியில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அது கடைசியில்.

சேறும் பரம்பும்

மனிதன் வெறும் பூட்ஸ் காலோடு நடந்தால் புதுப் பனியில் தொடை வரை புதைந்து போவான். காரணம் எளிது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. புதிதாக விழுந்த உலர்ந்த பனி அதே அளவுக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். மீதியெல்லாம் காற்று. அதன் மேல் நிற்க வேண்டுமானால் உடல் எடையைப் பரப்பியாக வேண்டும்.

தஞ்சை மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்று நடுவதற்கு முன் உழுத வயலில் அவர் இறங்கினால் முழங்கால் வரை சேறு. அதே வயலில் பரம்புப் பலகையின் மேல் ஏறி நின்றால் மாடுகள் இழுக்க, பலகை சேற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்கீயும் அதே கணக்குதான். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் மிதக்கும்.

இவ்வளவு எளிய உண்மை பனிச்சறுக்கு உலகத்துக்கு எட்டத்தான் வெகு காலமாயிற்று. பல தலைமுறைகளாக ஸ்கீ என்றால் ஆளைவிட உயரமான, ஒல்லியான, நேரான பலகை. நீளம் 2 மீட்டரைத் தாண்டும். பூட்ஸுக்குக் கீழே அகலம் 70 மி.மீ.க்குள் அடங்கிவிடும். ஆழ்ந்த பனியில் அதை ஓட்ட அசாத்தியத் தேர்ச்சி வேண்டும்.

1980களின் இறுதியில் ஆஸ்திரிய நிறுவனமான அடாமிக்கின் பொறியாளர் ரூபர்ட் ஹூபர் இந்த வழக்கத்தை உடைத்தார். பனியில் ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டு அப்போது பிரபலமாகத் தொடங்கியிருந்தது. அது அகலமாக இருப்பதால்தானே மிதக்கிறது? அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு ஸ்கீக்கள் கிடைக்குமே என்பது யோசனை. அப்படிப் பிறந்த பவுடர் பிளஸ் என்ற மாடலுக்கு உலகம் வைத்த செல்லப் பெயர் ‘குண்டுப் பையன்’. கனடாவில் ஹெலிகாப்டரில் மலையுச்சிக்குப் போய்ச் சறுக்கும் பணக்கார வாடிக்கையாளர்கள்தான் அதை முதலில் கொண்டாடினார்கள். வயதானவர்களும் சுமாராகச் சறுக்குபவர்களும் திடீரென ஆழ்பனியில் நாள் முழுக்கச் சமாளித்தார்கள். கைதேர்ந்தவர்கள் அதை ஊன்றுகோல் என்று கேலி செய்தார்கள்.

கேலியை நிறுத்தியவர் ஷேன் மெக்காங்க்கி. கனடாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வாழ்ந்த இந்தச் சாகசக்காரர், ஆழ்ந்த பனி என்பது தரையைப் போன்றதல்ல, தண்ணீரைப் போன்றது என்று வாதிட்டார். அதை நிரூபிக்க அலாஸ்காவின் மலைச்சரிவில் நீர்ச்சறுக்குப் பலகைகளையே காலில் மாட்டிக்கொண்டு இறங்கினார். அவருடைய யோசனையில் உருவான ஸ்பாட்டுலா என்ற ஸ்கீயை வோலான்ட் நிறுவனம் 2002-ல் வெளியிட்டது. அதன் நடுப்பகுதிதான் அகலம்; இரு முனைகளும் படகுபோல மேல்நோக்கி வளைந்திருந்தன. விற்றது கொஞ்சம்தான். ஆனால் இன்று கடைக்கு வரும் ஏறக்குறைய எல்லா ஆழ்பனி ஸ்கீயிலும் அந்த மேல் வளைவின் சாயல் இருக்கிறது. மெக்காங்க்கி 2009 மார்ச்சில் இத்தாலியின் டோலமைட் மலையில், ஸ்கீயோடு பாறையிலிருந்து குதித்து பாராசூட் விரிக்கும் முயற்சியில் இறந்தார்.

மூன்று எண்கள்

ஒரு ஸ்கீயின் மேல் 132-104-122 என்பது போல மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முன்பகுதி, நடு, பின்பகுதி ஆகியவற்றின் அகலம் அவை, மில்லி மீட்டரில். பூட்ஸுக்குக் கீழே வரும் நடு எண்ணுக்கு ‘இடுப்பு’ என்று பெயர். பேரம் எல்லாம் இந்த இடுப்பைச் சுற்றித்தான்.

இடுப்பு 75 மி.மீ.யிலிருந்து 108 மி.மீ.க்குப் போனால், அதே நீளத்தில் பலகையின் பரப்பு ஏறத்தாழ கால் பங்கு கூடும். மிதப்பதற்கு அது போதும். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. இறுகிய பனியில் சறுக்குபவர் பலகையின் ஓரத்தில் இருக்கும் எஃகு விளிம்பைச் சரிவில் பதித்துத்தான் திரும்புகிறார். பலகை அகலமாக அகலமாக, அந்த விளிம்பு பாதத்தின் மையத்திலிருந்து விலகிப் போகிறது. சாய்ப்பதற்கு அதிக நேரமும் அதிக பலமும் தேவை. அந்த நெம்புகோலின் மறுமுனையில் இருப்பது முழங்கால். காலையில் பட்டுப்போல் இருந்த 120 மி.மீ. பலகை, மத்தியானம் பாதை இறுகியதும் வாதம் பிடித்தது போல நடந்துகொள்வது இதனால்தான்.

போட்டியாளர்கள் அகலத்தின் பக்கமே போகாததற்கும் இதுவே காரணம். குல்மார்கின் அடிவாரத்தில் உள்ள டங்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான், 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளராகக் கலந்துகொண்டு ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில் 45-வது இடம் பிடித்தார். கம்பங்களுக்கு இடையே பளிங்குபோல் இறுகிய சரிவில் வளைந்து இறங்கும் அந்த விளையாட்டுக்கு ஒல்லிப் பலகைதான் சரி. அதே ஊர், அதே மலை. ஆனால் கருவி வேறு.

ஒல்லிப் பலகையால் பெரிய மலை முடியாது என்பதும் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஸில்வேன் ஸோதான் 1982-ல் காரகோரத்தின் 8,080 மீட்டர் உயர காஷர்ப்ரம் 1 சிகரத்திலிருந்து ஸ்கீயில் இறங்கினார். குண்டுப் பையன் அப்போது பிறக்கவே இல்லை. இதே ஸோதான்தான் 1980களில் காஷ்மீரில் ஹெலிகாப்டர் பனிச்சறுக்கையும் அறிமுகப்படுத்தியவர்.

குல்மார்கின் கணக்கு

குல்மார்க்கில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இந்திய ஸ்கீ சங்கத்தை 1927-ல் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளி இங்கே வந்தது. 1960களின் இறுதியில் மத்திய அரசு பனிச்சறுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. இன்றைய இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கழகம் அதன் வாரிசு. ஆனால் உலக வரைபடத்தில் குல்மார்கை ஏற்றியது ரோப்கார். முதல் கட்டம் 1998-ல் குல்மார்கிலிருந்து கோங்தூரிக்கு. இரண்டாம் கட்டம் 2005-ல் அஃபர்வத் மலையின் தோளுக்கு, ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரத்துக்கு. புல்வெளி இருப்பது 2,650 மீட்டரில். அதாவது ஒரு டிக்கெட்டில் 1,300 மீட்டருக்கு மேல் இறங்கலாம்.

ஐரோப்பாவில் இவ்வளவு உயரத்துக்குப் போகும் ரோப்கார் அரிது. போனாலும் கீழே கோடு கிழித்துச் சமன் செய்த பாதைகள் நிறைய இருக்கும். அஃபர்வத்தில் சமன் செய்த பாதை குறைவு. மீதியெல்லாம் திறந்த சரிவுகளும் பள்ளங்களும், கீழே வந்தால் ஊசியிலைக் காடும்தான். பாபாரேஷி, டிரங், டங்மார்க் என்று கிராமங்கள் வரை காட்டுக்குள்ளேயே சறுக்கிக்கொண்டு போய்விடலாம். இதைக் கேள்விப்பட்டதும் கைக்குக் கிடைத்ததிலேயே அகலமான பலகையை வாங்கத் தோன்றுவது இயல்பு.

அங்கேதான் சறுக்கல். குல்மார்கில் எல்லா நாளும் பனி கொட்டுவதில்லை. டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் நீளும் சில்லை கலான் என்ற கடுங்குளிர் காலத்தில்தான் நல்ல பனி விழ வேண்டும். 2024 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த மாதக் கடைசியில்தான் வானம் மனமிரங்கியது. 2025-ல் பிப்ரவரி இறுதியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பனி விழுந்தாலும் ஓரிரு நாளில் திறந்த சரிவுகள் தடம் பட்டுவிடும். பிறகு காற்று அடித்து இறுக்கிய பனி, வெயிலில் உருகி இரவில் உறைந்த பனி, மரநிழலில் மட்டும் மிச்சமிருக்கும் தூள் என்று ஒரே இறக்கத்தில் நாலு விதம்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வரும் டெல்லிக்காரருக்கு அதில் இரண்டு நாள் ஆழ்பனி கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்த இரண்டு நாளுக்காக 120 மி.மீ. பலகை வாங்கினால் மற்ற ஐந்து நாளும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். 80 மி.மீ. வாங்கினால் அந்த இரண்டு நாள் வீண். எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி என்றால் 98 முதல் 108 மி.மீ. வரையிலான இடுப்புதான் குல்மார்குக்குப் பொருந்தும். எடை கூடிய, நன்கு சறுக்கத் தெரிந்த ஆள் மேல் எல்லைக்குப் போகலாம். ஒல்லியானவரும் கற்றுக்கொண்டிருப்பவரும் கீழ் எல்லையிலேயே நிற்பது நல்லது.

அகலம் மட்டும் அல்ல

ஒரே அகலமுள்ள இரண்டு பலகைகள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். முதலில் வளைவு. பழைய ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்லைப் போல மேலெழும்பி நிற்கும். ஆள் ஏறி நின்றதும் விளிம்பு முழுவதும் பனியைக் கடிக்கும்; இறுகிய சரிவில் இந்தப் பிடி அவசியம். மெக்காங்க்கியின் வழியில் வந்த பலகைகளில் முனை முன்னதாகவே மேல்நோக்கி வளையத் தொடங்கும். ஆழ்பனியில் முனை முங்காமல் காப்பது இதுதான். நடுவில் பழைய வில் வளைவு, முன்னே நீண்ட மேல் வளைவு, பின்னே கொஞ்சம் என்ற கலவைதான் எல்லாச் சரிவுக்கும் ஈடுகொடுக்கும்.

அடுத்தது விறைப்பு. உள்ளே உலோகத் தகடு வைத்த பலகை வேகத்தில் நடுங்காது. கட்டி தட்டிய பனியை உழுதுகொண்டு போகும். ஆனால் கனமானது, களைப்புற்ற காலை மன்னிக்காது. மரக் கட்டையும் கண்ணாடி இழையும் மட்டும் கொண்டது மென்மை. மரங்களுக்கிடையே சட்டென்று திரும்பும். நீளத்தைப் பொறுத்தவரை, புதியவருக்கு முகவாய் அளவு போதும். ஆழ்பனிக்கு ஆள் உயரமோ சற்றுக் கூடுதலோ. மேல் வளைவு அதிகமுள்ள பலகையில் பனியைத் தொடும் நீளம் குறைவு என்பதால் 5 செ.மீ. கூட்டி எடுப்பதில் தவறில்லை.

ரோப்காரை விட்டுவிட்டு நடந்தே மலையேற விரும்புகிறவர்களுக்குக் கணக்கு வேறு. பலகையின் அடியில் வழுக்காத பட்டை ஒட்டி, குதிகாலைத் தூக்கி நடக்க உதவும் பிடிப்பான் பொருத்தி ஏற வேண்டும். ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு கிராமும் கனக்கும். அவர்களுக்கு 95 முதல் 105 மி.மீ. வரையிலான இலகுவான பலகையே துணை.

எது யாருக்கு?

75 - 90 மி.மீ.: பயிற்சிச் சரிவிலும் சமன் செய்த பாதையிலும் சறுக்குபவருக்கு. முதல் இரண்டு சீசன்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

98 - 108 மி.மீ.: ஒரே ஜோடியில் எல்லாம் வேண்டுபவருக்கு. குல்மார்கின் பாதி வாரம் ஆழ்பனி, பாதி வாரம் இறுகிய பனி என்ற நடப்புக்கு ஏற்றது.

108 - 116 மி.மீ.: பெரும்பாலும் பாதைக்கு வெளியிலேயே சறுக்குகிற, தேர்ச்சி பெற்ற, பலமான ஆளுக்கு.

116 மி.மீ.க்கு மேல்: ஹெலிகாப்டர் சறுக்கலுக்கோ, வீட்டில் இன்னொரு ஜோடி உள்ளவருக்கோ. வாங்குவதைவிட அந்த நாளுக்கு வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

பிடிப்பான்: பக்கவாட்டில் இருக்கும் பிரேக்கின் அகலம் பலகையின் இடுப்பைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். பூட்ஸின் அடிப்பாகம் பிடிப்பானுக்குப் பொருந்துகிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். விழும்போது காலை விடுவிக்கும் அழுத்த அளவை எடை, உயரம், வயது, தேர்ச்சிக்கு ஏற்பத் தெரிந்தவர்தான் அமைக்க வேண்டும்.

பூட்ஸ்: பணம் குறைவாக இருந்தால் பலகையை வாடகைக்கு எடுத்து, பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கலாம். கடிக்கிற பூட்ஸோடு எந்தப் பலகையும் பயனில்லை.

வாடகை என்பது கௌரவக் குறைவும் அல்ல. குல்மார்க் கடைவீதியிலேயே அகலமான பலகைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. விளிம்பு மழுங்கியிருக்கிறதா, அடிப்பாகத்தில் ஆழமான கீறல் உண்டா, பிடிப்பான் சரியாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். இரண்டு நாள் 100, இரண்டு நாள் 112 என்று மாற்றி மாற்றிச் சறுக்கிவிட்டுப் பிறகு வாங்குபவர் ஏமாறுவதில்லை.

மிதப்பின் விலை

அகலமான பலகையின் உண்மையான ஆபத்து முழங்காலில் இல்லை. முன்பெல்லாம் ஆழ்பனியில் இறங்க ஒருவருக்குப் பத்து வருடப் பயிற்சி தேவைப்பட்டது. அந்தப் பத்து வருடத்தில் சறுக்குவதோடு மலையைப் படிக்கவும் கற்றுக்கொண்டார். இன்று 105 மி.மீ. பலகையும் ரோப்கார் டிக்கெட்டும் இருந்தால் இரண்டாவது சீசனிலேயே அஃபர்வத் உச்சியில் நிற்கலாம். கால் வந்து சேர்ந்துவிடுகிறது. கண் வந்து சேருவதில்லை.

மலை யாருக்கும் சலுகை தருவதில்லை. 2010 பிப்ரவரி 8 அன்று உயர்மலைப் போர்ப் பள்ளியின் பயிற்சி அணி மீது கிலன்மார்க் பகுதியில் பனிச்சரிவு விழுந்து 17 ராணுவத்தினர் இறந்தார்கள். பனியையே பாடமாகப் படித்தவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் இரண்டு போலந்து நாட்டவர்கள் பலியானார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர். அப்போது குல்மார்கில் கேலோ இந்தியா விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்தன. அந்தக் குழு உள்ளூர் ஆட்கள் இல்லாமல் போயிருந்தது என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நிகழ்கின்றன. ஆழ்பனிப் பலகை கட்டியவர் ஆசைப்படும் சாய்வும் அதுவேதான். புதுப் பனி விழுந்த மறுநாள் அபாயம் உச்சத்தில் இருக்கும். சறுக்கும் ஆசையும் அன்றுதான் உச்சத்தில் இருக்கும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன் பிறகு மூச்சுத் திணறி வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. டங்மார்கிலிருந்து உதவி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். காப்பாற்ற முடிந்தவர் கூடவே வந்த ஆள் மட்டும்தான்.

அதனால் பட்ஜெட்டை வேறு விதமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. உடம்போடு கட்டிக்கொள்ளும் பீக்கன் என்ற சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்க மடக்குக் குச்சி, ஒரு மண்வெட்டி. இந்த மூன்றும் கூட வரும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மூன்றையும் பயன்படுத்திப் பழகியிருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது அவரைக் காப்பாற்றாது. கூடவே, அந்த வாரம் எந்தப் பள்ளத்தில் காற்று பனியைக் குவித்து வைத்திருக்கிறது என்று தெரிந்த உள்ளூர் வழிகாட்டி. போன வருட மாடலைத் தள்ளுபடியில் வாங்கி, மிச்சம் பிடித்த பணத்தை இதற்குச் செலவழிப்பவர்தான் சரியான பலகையை வாங்கியவர்.

பனி கொட்டிய மறுநாள் காலை இரண்டாம் கட்ட ரோப்கார் பெரும்பாலும் உடனே திறப்பதில்லை. காவல் குழுவினர் வெடி வைத்து, சரிவுகளைச் சோதித்து, பிறகுதான் அனுமதிப்பார்கள். சில நாள் மத்தியானம் ஆகும். சில நாள் திறக்கவே திறக்காது. கோங்தூரியில் கால் மாற்றி நின்றுகொண்டு, கண்ணெதிரே தடம் படாத வெண்மையைப் பார்த்தபடி, பேசாமல் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பத் தெரிய வேண்டும். அது தெரியாதவருக்கு 80 மி.மீ. கூட அகலக் கால்தான்.